ஒற்றைத் தலைவலி, அக்குபஞ்சர், மூளை ரத்த ஓட்டம்: திரும்பத் திரும்ப என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

என் தங்கைக்குப் பதினைந்து வயதிலிருந்து மைக்ரேன், அதாவது ஒற்றைத் தலைவலி. அவள் அக்குபஞ்சர் என்ற ஊசி குத்தும் சிகிச்சைக்குப் போக ஆரம்பித்தபோது நான் இது சம்பந்தமான ஆய்வுகளை எடுத்துப் படிக்கத் தொடங்கினேன், வருடக்கணக்கில் படித்துக்கொண்டே இருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. ஆனால் சொந்தக்காரர்கள், அலுவலகத்தில் இருப்பவர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று கேட்பவர்கள் எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள், அதிலும் முக்கால்வாசி "ஊசி குத்தினா மூளைக்கு ரத்த ஓட்டம் கூடுமாமே" என்பதைச் சுற்றித்தான். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

ஒற்றைத் தலைவலின்னா மூளைக்கு ரத்தம் சரியா போகலைன்னுதானே அர்த்தம்?

இல்லை. நம் உடல் எடையில் மூளை வெறும் 2 சதவீதம்தான், ஆனால் இதயம் தள்ளும் ரத்தத்தில் சுமார் 15 சதவீதம் அதற்குப் போகிறது, நிமிடத்துக்கு ஏறக்குறைய முக்கால் லிட்டர். ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் மூளையின் ரத்தக்குழாய்கள் தாமாகவே சுருங்கி விரிந்து இந்த அளவைக் காப்பாற்றிக்கொள்ளும். மைக்ரேன் உள்ளவர்களுக்கும் இந்த ஏற்பாடு இருக்கிறது. வலி இல்லாத நாட்களில் அவர்கள் மூளை ரத்தத்துக்கு ஏங்கிக்கொண்டு இருப்பதில்லை.

மைக்ரேன் என்பது நரம்பு மண்டலம் சட்டென்று உசுப்பப்படும் தன்மை. வெளிச்சம், தூக்கக் குறைவு, பட்டினி, மாதவிடாய் என்று மற்றவர்கள் தாங்கிக்கொள்வதை அந்த மூளை தாங்காது. ரத்தக்குழாய்களுக்கும் இதில் பங்கு உண்டு, ஆனால் அடைப்பு, பற்றாக்குறை என்ற அர்த்தத்தில் இல்லை.

அப்ப தலை விண்ணு விண்ணுன்னு தெறிக்குதே, அது ரத்தக்குழாய் இல்லாம வேற என்ன?

இதை ரத்தக்குழாய் நோய் என்றுதான் பெரிய மருத்துவர்களே ரொம்ப காலம் நம்பினார்கள். 1938-ல் அமெரிக்காவில் கிரஹாம், வோல்ஃப் இருவரும் குழாயைச் சுருக்கும் எர்கோடமின் மருந்து கொடுத்தபோது நெற்றியின் பக்கவாட்டில் உள்ள பொட்டுப் பகுதித் தமனியின் துடிப்பு குறைய, கூடவே வலியும் குறைவதைக் காட்டினார்கள். குழாய் சுருங்கினால் கண்ணில் பளபளப்பு, விரிந்தால் வலி என்ற விளக்கம் அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் பாடமாகவே இருந்தது.

பிற்பாடு வந்த சோதனைகளில் அது தளர்ந்துவிட்டது. 2003-ல் டென்மார்க்கில் மைக்ரேன் உள்ளவர்களுக்கு சில்டெனஃபில் (வயாகரா மருந்து) கொடுத்தார்கள். மூளையின் நடுத்தமனி விரியவே இல்லை, ஆனாலும் மைக்ரேன் வந்தது. 2008-ல் வி.ஐ.பி. என்ற இன்னொரு பொருளைச் செலுத்தினார்கள். குழாய்கள் விரிந்தன, மைக்ரேன் வரவில்லை. 2013-ல் தானாக வந்த வலியின்போதே எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்ததில், மண்டையோட்டுக்கு வெளியே உள்ள தமனிகள் விரிந்திருக்கவில்லை, உள்ளே இருப்பவை லேசாக மட்டும் விரிந்திருந்தன. குழாய் விரிவதும் வலியும் சேர்ந்து வரலாம், தனித்தனியாகவும் வரலாம் என்பதுதான் இவற்றிலிருந்து தெரிவது.

இன்றைய புரிதல் இப்படி: மூளைச் சதைக்கு வலி தெரியாது, அதைச் சுற்றியுள்ள உறைக்கும் அங்கே ஓடும் குழாய்களுக்கும் தெரியும். அவற்றிலிருந்து சேதி கொண்டுபோவது ட்ரைஜெமினல் என்ற முக உணர்ச்சி நரம்பு. அதன் முனைகள் சி.ஜி.ஆர்.பி. என்ற புரதத் துணுக்கை வெளியிடுகின்றன. அது குழாயையும் விரிக்கும், வலிப் பாதையையும் உசுப்பும். மைக்ரேன் வராமல் தடுக்க ஊசியாகப் போடும், 2018-லிருந்து சந்தைக்கு வந்த புதிய மருந்துகள் குறிவைப்பது இந்த சி.ஜி.ஆர்.பி.யைத்தான்.

கண்ணுல கோடு கோடா மின்னுமே, அப்பவாவது ரத்த ஓட்டம் குறையுதா?

குறைகிறது. இதற்கு ஆரா என்று பெயர், மைக்ரேன் உள்ள எல்லோருக்கும் இது வராது.

1944-ல் பிரேசில் நாட்டுக்காரரான அரிஸ்டிடீஸ் லியாவ் முயலின் மூளையில் ஒன்றைக் கண்டார். மூளையின் மேலடுக்கான புறணியில் ஓரிடத்தைத் தூண்டினால் முதலில் நரம்பணுக்கள் கிளர்ந்து, பிறகு அடங்கிப்போகும் ஒரு அலை, நிமிடத்துக்கு சில மில்லிமீட்டர் வேகத்தில் ஊர்ந்து பரவுகிறது. 1981-ல் கோபன்ஹேகனில் யெஸ் ஓலெசன் குழுவினர் ஆரா வரும்போதே ரத்த ஓட்டத்தை அளந்தார்கள், கழுத்துத் தமனியில் செனான் 133 என்ற கதிரியக்கப் பொருளைச் செலுத்தி. ரத்த ஓட்டக் குறைவு பின்மூளையிலிருந்து முன்னோக்கி அதே மாதிரி மெதுவாக நகர்ந்தது. 1994-ல் லாஸ் ஏஞ்சலிஸில் வேறு ஒரு ஆய்வுக்காக, கதிரியக்கப் பொருளைச் செலுத்திப் படமெடுக்கும் பெட் ஸ்கேன் இயந்திரத்தில் படுத்திருந்த ஒரு பெண்ணுக்குத் தற்செயலாக மைக்ரேன் வந்துவிட, அங்கேயும் குறைவு பின்னாலிருந்து முன்னால் பரவியது பதிவானது. எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த சம்பவம் இதுதான், ஏனென்றால் வலி எப்போது வரும் என்று யாராலும் ஏற்பாடு செய்ய முடியாது.

இங்கே கவனிக்க வேண்டியது வரிசை. நரம்பின் அலை முன்னால் போகிறது, ரத்த ஓட்டக் குறைவு அதைத் தொடர்கிறது. அதாவது ரத்தம் குறைந்ததால் ஆரா வரவில்லை.

ஊசி குத்தினா மூளை ரத்த ஓட்டம் மாறுமா மாறாதா, ஒரே வார்த்தையில சொல்லுங்க.

மாறும்.

ஆனால் அந்த ஒரு வார்த்தையோடு நிறுத்தினால் உங்களை ஏமாற்றியது போலாகிவிடும். கண்ணைத் திறந்தால் பின்மூளைக்கு ரத்தம் கூடும். விரலை மடக்கினால் அந்த விரலுக்கான இடத்தில் கூடும். கிள்ளினாலும் மாறும். இதில் அதிகம் பேசப்படாத விஷயம் மூச்சு. ரத்தத்தில் உள்ள கரியமில வாயு கொஞ்சம் குறைந்தாலே மூளைக்குழாய்கள் சுருங்கும், கூடினால் விரியும். ஊசிக்குப் பயந்து வேகமாக மூச்சு விடுபவருக்கு ரத்த ஓட்டம் இறங்கும், இருபது நிமிடம் அமைதியாகப் படுத்து மூச்சு சீரானவருக்குத் திரும்ப ஏறும். அதனால் "மாறியது" என்று காட்டுவது பெரிய விஷயமில்லை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் போலி ஊசி போட்டவரைவிட வேறு மாதிரி மாறியதா, அந்த மாற்றம் நிலைத்ததா, வலி நாட்கள் குறைந்ததோடு அதற்குச் சம்பந்தம் உண்டா, இந்த மூன்றும்தான் கேட்க வேண்டியவை.

அதெல்லாம் வெளியிலிருந்து எப்படி அளக்கறாங்க?

அதிகம் பயன்படுவது டிரான்ஸ்கிரேனியல் டாப்ளர். பொட்டில் ஒரு கருவியை வைத்து ஒலி அலை அனுப்பி, மூளைத் தமனியில் ரத்தம் ஓடும் வேகத்தை அளப்பார்கள். 1982-ல் வந்த முறை, வலி இல்லை, கதிர்வீச்சு இல்லை. ஆனால் அது அளப்பது வேகத்தை, அளவை அல்ல. தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் பாதி அடைத்தால் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும், வாளி மட்டும் சீக்கிரம் நிறையாது. அதே மாதிரி தமனி சுருங்கினாலும் வேகம் கூடலாம், ரத்தம் நிஜமாகவே அதிகம் வந்தாலும் வேகம் கூடலாம். எண்ணை மட்டும் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது.

எம்.ஆர்.ஐ.யிலேயே ஏ.எஸ்.எல். என்று ஒரு முறை உண்டு, கழுத்தில் ஏறும் ரத்தத்தின் நீரைக் காந்தத்தால் அடையாளமிட்டு அது எங்கே எவ்வளவு போய்ச் சேர்கிறது என்று பார்ப்பது. ரத்த ஓட்டத்தை நேராக அளப்பதில் இது மேல். சாதாரண எஃப்.எம்.ஆர்.ஐ. காட்டுவது ஆக்சிஜன் உள்ள, இல்லாத ரத்தத்தின் விகிதம் மாறுவதை. எஃப்.டி.ஜி. பெட் காட்டுவது குளுக்கோஸ் செலவை. இவை எல்லாவற்றையும் சேர்த்து "ரத்த ஓட்டம்" என்று எழுதிவிடுகிறார்கள், குழப்பம் பாதி அங்கேதான் ஆரம்பிக்கிறது.

டாப்ளர் எடுத்துப் பாத்துட்டு "ரத்த ஓட்டம் கம்மி, ஊசி போட்டா சரியாகும்"னு சொல்றாங்க. நம்பலாமா?

என் தங்கைக்கு இதையேதான் ஒரு இடத்தில் சொன்னார்கள். ஒரு பக்கத் தமனியில் வேகம் கொஞ்சம் குறைவு என்று அறிக்கை. அவள் அன்று இரவு முழுக்கத் தூங்கவில்லை, தனக்குப் பக்கவாதம் வரப்போகிறது என்று அழுதாள். பிறகு நரம்பியல் மருத்துவரிடம் காட்டியபோது அது சாதாரண வித்தியாசம்தான் என்றார். வயது, ரத்தசோகை, கருவியைப் பிடித்த கோணம் என்று எத்தனையோ காரணங்களால் அந்த எண் ஏறி இறங்கும். பொட்டு எலும்பு தடிமனாக இருக்கும் சிலருக்கு சரியான பதிவே கிடைக்காது.

மைக்ரேனை டாப்ளர் வைத்துக் கண்டுபிடிப்பதில்லை. வலியின் தன்மை, நேரம், கூட வரும் வாந்தி உணர்வு, வெளிச்சக் கூச்சம் இவற்றைக் கேட்டுத்தான் கண்டுபிடிக்கிறார்கள். அதே காரணத்தால், பத்து தடவை ஊசி போட்ட பிறகு எண் ஏறியிருக்கிறது என்று இன்னொரு அறிக்கை காட்டினாலும் அது குணமானதற்கு அத்தாட்சி ஆகாது. பயந்துபோய் முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டிவிடாதீர்கள்.

சீனாவுல மூளை ஸ்கேன் எடுத்தே நிரூபிச்சுட்டாங்கன்னு வாட்ஸ்அப்ல வந்துச்சே?

ஸ்கேன் ஆய்வுகள் நிஜமாகவே நடந்திருக்கின்றன, அதிலும் செங்டு நகரில் நிறைய. மைக்ரேன் உள்ளவர்களுக்குப் பாரம்பரியப் புள்ளிகளில் ஒரு குழுவுக்கும், சம்பந்தமில்லாத இடங்களில் இன்னொரு குழுவுக்கும் குத்தி, மூளையில் எங்கெங்கே வித்தியாசம் என்று பார்த்திருக்கிறார்கள். வித்தியாசங்கள் கிடைத்திருக்கின்றன, குறிப்பாக வலியையும் உணர்ச்சியையும் கையாளும் பகுதிகளில். அதற்கு முன்பே, 2000-ல், அமெரிக்காவில் கேத்லீன் ஹுய் குழுவினர் ஆரோக்கியமானவர்களின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள புள்ளியில் குத்தியபோது அமிக்டலா, ஹிப்போகேம்பஸ் போன்ற ஆழமான பகுதிகளில் செயல்பாடு அடங்குவதைக் காட்டினார்கள். இதெல்லாம் ஒதுக்கித் தள்ள வேண்டிய விஷயம் இல்லை.

ஆனால் இந்த ஆய்வுகள் பெரும்பாலும் ஒரு குழுவுக்கு இருபது, முப்பது பேர் வைத்துச் செய்யப்பட்டவை. மூளையை ஆயிரக்கணக்கான சிறு கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றையும் ஒப்பிட்டால் தற்செயலாகவே சில கட்டங்கள் மின்னும். ஒரு ஆய்வில் கூடிய இடம் இன்னொன்றில் குறைந்திருக்கும். வாட்ஸ்அப்பில் சுற்றும் சிவப்பும் நீலமுமான படத்தில் சிவப்பு என்றால் "நல்ல ரத்த ஓட்டம்" என்று அர்த்தமில்லை, அது பெரும்பாலும் ஒரு புள்ளியியல் வித்தியாசத்தின் அளவு, சில படங்களில் ரத்த ஓட்டமே அல்ல, முன்பே சொன்ன குளுக்கோஸ் செலவு.

கையில, பிடரியில குத்தினா தலைக்குள்ள எப்படிப் போய் வேலை செய்யும்?

பிடரிக்கு நல்ல விளக்கம் இருக்கிறது. கழுத்தின் மேல் மூன்று நரம்புகள் கொண்டுவரும் சேதியும் ட்ரைஜெமினல் நரம்பின் சேதியும் மூளைத்தண்டின் அடியில் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. மைக்ரேன் வந்தால் பிடரி பிடித்துக்கொள்வது இதனால்தான். பித்தப்பை 20 என்று அக்குபஞ்சரில் சொல்லும் புள்ளி மண்டையோட்டுக்குக் கீழே, சரியாக அந்தக் கழுத்து நரம்புகளின் எல்லையில் இருக்கிறது. அங்கே தூண்டினால் வலிப்பாதையின் கதவருகே தட்டுவது போலத்தான்.

கைக்கும் காலுக்கும் விளக்கம் பொதுவானது. தோலையும் தசையையும் குத்தும்போது தண்டுவடம் வழியாக மூளைத்தண்டுக்குப் போகும் தூண்டல், அங்கிருந்து கீழிறங்கும் வலியடக்கும் பாதைகளை எழுப்பும், எண்டார்ஃபின் போன்ற, உடலின் சொந்த வலிநிவாரணிகள் சுரக்கும். எலிகளில் மின்சாரம் சேர்த்த ஊசி சி.ஜி.ஆர்.பி.யைக் குறைத்ததாகவும் ஆய்வுகள் உண்டு. இந்த வழியில் யோசித்தால் மூளை ரத்த ஓட்டத்தில் தெரியும் மாற்றம் நரம்பு அடங்கியதன் நிழல்தான், மருந்தே அது இல்லை. என் தனிப்பட்ட சாய்வும் இதன் பக்கம்தான்.

சரி, ரத்த ஓட்டத்த விடுங்க. தலைவலி குறையுமா?

பலருக்குக் குறைகிறது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2016-ல் வெளியிட்ட தொகுப்பு 22 ஆய்வுகள், 4985 பேரைப் பார்த்தது. தலைவலி பாதியாகக் குறைந்தவர்கள் ஊசி போட்டவர்களில் 100-க்கு 41 பேர், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 17 பேர். போலி ஊசியோடு ஒப்பிட்ட ஆய்வுகளில் நிஜ ஊசியில் 100-க்கு 50 பேர், போலியில் 41 பேர். தடுப்பு மாத்திரையோடு ஒப்பிட்டவற்றில் மூன்று மாதத்தில் ஊசியில் 57 பேர், மாத்திரையில் 46 பேர், ஆறு மாதத்தில் அந்த இடைவெளி சுருங்கிவிட்டது. ஒன்றும் செய்யாததைவிட நன்றாகவே மேல், மாத்திரைக்குக் குறைவில்லை, போலி ஊசியைவிடக் கொஞ்சம் மேல்.

பொய் ஊசியும் வேலை செய்யுதுன்னா எல்லாம் மனப்பிரமைதானே?

ஜெர்மனியில் நடந்த இரண்டு பெரிய ஆய்வுகளைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். 2005-ல் வந்ததில் 302 பேர். பலன் பெற்றவர்கள் சரியான புள்ளியில் 51 சதவீதம், போலியில் 53 சதவீதம், சிகிச்சை இல்லாமல் காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களில் 15 சதவீதம். 2006-ல் வந்ததில் 960 பேரைச் சேர்த்தார்கள். சரியான ஊசி 47, போலி 39, மருந்து 40 சதவீதம், இந்த வித்தியாசம் புள்ளியியல்படி உறுதியாகவில்லை.

பிறகு சீனாவில் நடந்த இரண்டில் இடைவெளி தெரிந்தது. 2017-ல் 249 பேரிடம், மாதத்துக்கு வரும் தாக்குதல்கள் நிஜ ஊசியில் 3.2, போலியில் 2.1, காத்திருப்பில் 1.4 குறைந்தன. 2020-ல் 150 பேரிடம், அதுவும் முன்பு அக்குபஞ்சரே செய்துகொள்ளாதவர்களிடம், கடைசி நான்கு வாரத்தில் மைக்ரேன் நாட்கள் நிஜ ஊசியில் 3.9, போலியில் 2.2 குறைந்தன. மாதத்தில் ஒன்றரை நாளுக்குக் கொஞ்சம் மேல் வித்தியாசம். வலியோடு வாழாதவர்களுக்கு இது சின்ன எண், என் தங்கைக்கு அது வேலைக்குப் போக முடிகிற ஒன்றரை நாள்.

போலி ஊசி என்பதும் வெறும் சர்க்கரை மாத்திரை மாதிரி கிடையாது. பல ஆய்வுகளில் அது வேறு இடத்தில், ஆழமில்லாமல், ஆனாலும் நிஜமாகக் குத்துவதுதான். தோல் நரம்பு அதற்கும் எழும். எதிர்பார்ப்பால் வரும் நிவாரணத்தையும் "பிரமை" என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை, அதுவும் மூளையின் வலியடக்கும் பாதை வழியாகத்தான் வருகிறது. ஆனால் ரத்த ஓட்டக் கதைக்கு இது ஒரு சிக்கல். குறிப்பிட்ட புள்ளிதான் மூளைக்கு ரத்தத்தைத் திருப்புகிறது என்றால், தப்பான புள்ளியிலும் ஏன் இத்தனை பேருக்குப் பலன்?

எத்தனை தடவை போகணும்? வலி வந்துட்ட நேரத்துல போகலாமா?

மேலே சொன்ன சான்றெல்லாம் தடுப்புக்கு. வந்துவிட்ட வலிக்கு அவ்வளவு உறுதியான ஆதாரம் இல்லை, அப்போது உங்கள் மருத்துவர் தந்த மாத்திரையைச் சீக்கிரம் போட்டுக்கொண்டு இருட்டறையில் படுப்பதே நல்லது.

சிகிச்சை வழிகாட்டுதல்கள் வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2012-ல், டோபிராமேட், ப்ரோப்ரனலால் என்ற தடுப்பு மாத்திரைகள் இரண்டும் ஒத்துவராதவர்களுக்கு 5 முதல் 8 வாரத்துக்குள் 10 தடவை வரை பார்க்கலாம் என்றது. சீன ஆய்வுகளில் 20 தடவை. போவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே நாட்காட்டியில் வலி வந்த நாளையும் போட்ட மாத்திரையையும் குறித்து வையுங்கள். இரண்டு மாதத்தில் அந்த எண்ணிக்கை அசையவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள்.

ஊசியே இல்லாம ஒரு விரல் வச்சே குணமாக்கறாங்களே?

இங்கே நான் சொன்ன ஆய்வுகள் எல்லாம் ஊசி குத்திச் செய்தவை. அந்த எண்களைத் தொடு சிகிச்சைக்குக் கடன் கொடுக்க முடியாது.

ஆரம்பிச்ச அன்னிக்கே இங்கிலீஷ் மாத்திரையெல்லாம் நிறுத்தச் சொல்றாங்க. நிறுத்தலாமா?

தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள். ப்ரோப்ரனலாலைத் திடீரென்று விட்டால் நெஞ்சு படபடக்கும், இதயநோய் இருப்பவர்களுக்கு ஆபத்தாகவே முடியலாம். வேறு சில தடுப்பு மருந்துகளையும் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும், அதுவும் எழுதிக்கொடுத்தவர் சொல்லி. ஆய்வுகளில் பங்கெடுத்தவர்கள்கூட வலி வந்தால் போட்டுக்கொள்ள மாத்திரை வைத்திருந்தார்கள் என்பதை ஞாபகம் வையுங்கள்.

இதில் ஒரு பாதி உண்மை உண்டு. சாதாரண வலி மாத்திரைகளை மாதம் 15 நாளும் அதற்கு மேலும், வந்த மைக்ரேனை நிறுத்தப் போடும் ட்ரிப்டான் வகையை 10 நாளும் அதற்கு மேலும் தொடர்ந்து போட்டால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். அதைக் குறைப்பது நல்லதுதான், ஆனால் அது மருத்துவரோடு உட்கார்ந்து போடும் திட்டம். அப்புறம் இதுவும்: இதுவரை வராத மாதிரி இடி விழுந்தது போன்ற வலி, காய்ச்சலும் கழுத்து விறைப்பும், கை கால் பலவீனம், பேச்சுக் குளறல், ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக ஆரம்பித்த வலி, இவற்றில் எது வந்தாலும் ஊசியும் வேண்டாம், விரலும் வேண்டாம், உடனே மருத்துவமனை.

ஆரா இருக்கறவங்களுக்குப் பக்கவாத அபாயம் ஜாஸ்தியாமே, ஊசி போட்டா அது குறையுமா?

ஆரா உள்ளவர்களுக்கு ரத்தக்குழாய் அடைப்பால் வரும் பக்கவாத அபாயம் மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு என்பது சரி. ஆனால் இளம் வயதில் அந்த அடிப்படை அபாயமே மிகக் குறைவு, அதன் இரண்டு மடங்கும் குறைவுதான். புகையும் ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரையும் சேர்ந்தால்தான் உயர்கிறது. அதனால் ஆரா உள்ள பெண்கள் கருத்தடை மாத்திரை தொடங்கும் முன் இதை மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். ஊசி இந்த அபாயத்தைக் குறைக்கும் என்று யாராவது சொன்னால் அதற்கு ஆதாரம் கிடையாது.

ஊசியால ஆபத்து ஏதாச்சும்?

பயிற்சி பெற்றவர், ஒரே தடவை பயன்படுத்தும் ஊசி என்றால் குறைவு. ஜெர்மனியில் 2,29,230 பேரைக் கவனித்ததில் 8.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு தொந்தரவு, பெரும்பாலும் சின்ன ரத்தக்கட்டு அல்லது வலி. நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்தது இரண்டு பேருக்கு. பிடரிப் புள்ளிக்கு அடியில் முதுகெலும்புத் தமனியும் மூளைத்தண்டும் இருப்பதால் ஆழமும் கோணமும் தெரியாதவர் கையில் கழுத்தைக் கொடுக்காதீர்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போடுபவர்களும் கர்ப்பிணிகளும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். முதல் தடவை படுத்துக்கொண்டே செய்துகொள்ளுங்கள், சிலருக்கு மயக்கம் வரும்.

ஒருத்தருக்கு வலியும் குறைஞ்சு, ரத்த ஓட்டமும் மாறியிருந்தா, அப்ப அதுதானே காரணம்?

கேட்கப்பட்டதிலேயே கஷ்டமான கேள்வி இது, ஒரு கல்லூரிப் பெண் கேட்டாள். ஜெர்மனியில் டாப்ளர் வைத்து இப்படிச் சிலர் பார்த்திருக்கிறார்கள்: கண்ணில் மின்னும் வெளிச்சம் காட்டி, அதற்கு மூளைத் தமனி எப்படித் துள்ளுகிறது என்று ஊசிக்கு முன்னும் பல வாரம் கழித்தும் அளப்பது. அருமையான யோசனை, ஆனால் ஆட்கள் குறைவு. இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. தாக்குதல்கள் குறைந்து, தூக்கம் சீராகி, மாத்திரை குறைந்தால் அதனாலேயே குழாய்களின் நடத்தை மாறலாம். ட்ரிப்டான் குழாயைச் சுருக்கும் மருந்து, அதை அடிக்கடி போடாமல் விட்டாலே அளவு வேறு மாதிரி வரும்.

என்னை நம்பவைக்க வேண்டுமென்றால் ஒன்று செய்யலாம். சில நூறு பேரை நிஜ ஊசிக்கும் போலிக்கும் பிரித்து, வலி குறைவதற்கு முன்னாலேயே, அதாவது முதல் இரண்டு வாரத்திலேயே, மூச்சையும் கணக்கில் எடுத்து ஏ.எஸ்.எல். முறையில் அளக்க வேண்டும். அப்போது யாருக்கு ரத்த ஓட்டம் மாறியதோ அவர்களுக்குத்தான் மூன்றாவது, நான்காவது மாதத்தில் வலி நாட்கள் குறைந்தன என்று வந்தால் நான் இந்தப் பக்கத்தைத் திருத்தி எழுதுவேன். அந்தப் பெண்ணிடமும் இதையே சொன்னேன், அவள் நரம்பியல் படிக்கப் போவதாகச் சொன்னாள்.